மடிப்பில் இருந்த ஐந்து வரிகள்

பயிற்சி மாணவர்களைப் புதிதாகப் பொறுப்பேற்று நடத்தப்போகும் நீங்கள், என் அனுபவத்தை எழுதித் தரும்படி கேட்டீர்கள். பல்கலைக்கழக நூலகத்திலும் அதன் ஆவணக் காப்பகத்திலும் என் வேலைக்காலம் முழுவதையும் கழித்தவள் நான். பெருமையாகச் சொல்லிக்கொள்ள நாலைந்து விஷயங்கள் என்னிடமும் உண்டு. மழைத்தண்ணீர் புகுந்த கீழ்த்தளத்திலிருந்து பழைய பதிவேடுகளைக் காப்பாற்றியது, ஓலைச்சுவடிகளைக் கணினியில் ஏற்றியது போன்றவை. அவற்றையெல்லாம் வழியனுப்பு விழாவில் மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். அன்று சொல்லப்படாத ஒன்றை உங்களுக்கு எழுதுகிறேன். அந்த மேடையில் நான் மாலையோடு உட்கார்ந்திருந்தபோது, என்னோடு வேலை பார்த்தவர்களில் அதைத் தெரிந்த இரண்டு பேர் முன்வரிசையில் இருந்தார்கள். அவர்களும் கைதட்டினார்கள். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

பயிற்சி மாணவர் என்றால் எனக்கு அப்போதெல்லாம் இரண்டு கைகள், அவ்வளவுதான். "கையால் செய்து கற்றுக்கொள்ளுங்கள்" என்று முதல் நாள் ஒரு சின்னப் பேச்சுப் பேசுவேன். பிறகு தூசி தட்ட, எண் ஒட்ட, ஸ்கேன் எடுக்க அனுப்பிவிடுவேன். யாராவது ஒரு பழைய கடிதத்தை நின்று வாசித்தால் எனக்குப் பிடிக்காது. வாசிக்க ஆரம்பித்தால் வேலை நகராது என்பது என் கணக்கு.

சுகன்யா வாசிப்பவளாக வந்தாள். எருமப்பட்டிப் பெண். அப்பா, அம்மா இருவரும் கோழிப்பண்ணையில் வேலை. கல்லூரியில் வரலாறு மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். ஆறு வாரப் பயிற்சிக்கு இரண்டு பஸ் மாறி வருவாள், ஒரு நாளும் தாமதமாக வந்ததில்லை. அதிகம் பேசமாட்டாள். பேசினால் வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' இருக்கும். நான் ஆத்தூர்க்காரி. எங்கள் பக்கத்தில் அவ்வளவு 'ங்க' கிடையாது. இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் புரியும்.

அவள் வந்த முதல் வாரத்தில், பரமத்தி வேலூரிலிருந்து நல்லசிவம் என்றொருவர் ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்தார். வாழைத்தார் வியாபாரி. அவருடைய அப்பா வடநாட்டுக்கு லாரி ஓட்டியவர், இறந்துவிட்டார். அவர் வெளியூரில் இருந்த காலத்தில் மனைவி எழுதிய கடிதங்கள் நூற்றுக்கும் மேல் அந்தப் பெட்டியில் இருந்தன. பெரும்பாலும் நீல நிற இன்லேண்ட் தாள்கள். "கறையான் அரிச்சே போயிரும்ங்க. இங்க இருந்தா நாலு பேரு படிப்பாங்க" என்றார். கூட அவருடைய அக்கா சரஸ்வதியும் வந்திருந்தார். கூடப்பிறந்தவர் அல்ல, பெரியம்மா மகள் என்று அறிமுகப்படுத்தினார். படிவம் நிரப்பியது சுகன்யாதான். சாட்சிக் கையெழுத்துப் போட்டது சரஸ்வதி. இருவரும் அன்று கேன்டீனில் டீ குடித்துக்கொண்டு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் போன பிறகு சுகன்யா என்னிடம் வந்தாள். "இதை எழுதுன அம்மா உசுரோட இருக்கறாங்களாம் மேடம். அவங்களைக் கேட்டீங்களான்னு அந்த அண்ணன்கிட்டக் கேட்டேன்ங்க. 'அப்பா பெட்டிதானே, அதுக்கென்ன'ன்னுட்டாருங்க."

"கையெழுத்து ஆயிடுச்சில்ல? போ, எண் போடு" என்றேன்.

அடுத்த மாதம் ஆய்வுக் குழு வருவதாக இருந்தது. பல்கலைக்கழகத்தைத் தரம் பார்க்கும் குழு. அவர்களுக்காக ஒரு கண்காட்சி வைக்கும்படி பதிவாளர் சொன்னார். லாரி ஓட்டுநர் குடும்பத்துக் கடிதங்கள் என்றால் புதிதாக இருக்கும், நம் ஊரின் வரலாறாகவும் இருக்கும் என்று தோன்றியது. ஸ்கேன்களைப் புரட்டி எட்டுக் கடிதங்களைத் தேர்ந்தெடுத்தேன். தேர்ந்தெடுத்தது நான். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அதில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. காவிரியில் தண்ணீர் வந்து வெற்றிலைக் கொடிக்கால் முழுகியதை அந்த அம்மா எழுதியிருந்தார். கொடி படர்ந்திருந்த அகத்தி மரங்களின் தலை மட்டும் தெரிந்தது, அதில் உட்கார்ந்து ஒரு கோழி இரண்டு நாள் கத்திக்கொண்டிருந்தது என்று ஒரு வரி. கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. முன்பக்கத்தை மூன்று முறை படித்தேன். இன்லேண்ட் தாளில் எழுத இடம் போதாவிட்டால், ஒட்டும் ஓரத்து மடிப்பிலும் பொடியாக எழுதுவார்கள். அந்த மடிப்பை நான் படிக்கவில்லை. தாளை முழுதாக விரித்து, ஆள் உயரத்துக்கு ஃபிளெக்ஸ் அடிக்கக் கொடுத்துவிட்டேன்.

ஃபிளெக்ஸ்கள் வெள்ளிக்கிழமை மாலை வந்தன. குழு திங்கட்கிழமை வருகிறது. சனிக்கிழமை காலையில் கூடத்தில் அவற்றை நிறுத்திக்கொண்டிருந்தபோது சுகன்யா என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மேடம், இந்தக் கடுதாசியை வெக்க வேண்டாங்க."

"ஏன்? இருக்கிறதிலேயே இதுதான் நல்ல கடிதம்."

"முன்பக்கம் நல்லாத்தாங்க இருக்குது. மடிப்புல வேற ஒண்ணு எழுதியிருக்காங்க. அன்னைக்கு வந்தாங்களே, சரஸ்வதி அக்கா, அவங்களைப் பத்திங்க. அவங்களுக்கே அது தெரியாதுன்னு நெனைக்கறேன்ங்க."

அது என்ன என்று நான் கேட்டிருக்க வேண்டும். ஒரு வார்த்தை. தலையைத் திருப்பி அந்த ஐந்து வரிகளைப் படித்திருக்கலாம், அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. ஆனால் விளக்குப் போடும் எலக்ட்ரீஷியன் வரவில்லை, வரவேற்புப் பலகையில் ஓர் எழுத்து தப்பாக வந்திருந்தது, பதிவாளர் இரண்டு முறை போன் செய்துவிட்டார்.

"மடிப்புல பொடியா இருக்கிறதை யார் படிக்கப்போறாங்க?" என்றேன்.

"ஃபிளெக்ஸ்ல பெருசாயிருச்சுங்க மேடம். நான் அங்க வாசப்படியில நின்னே படிச்சேன்ங்க." பிறகு மெதுவாகச் சொன்னாள். "அந்த எடத்துல மட்டும் ஒரு வெள்ளைத்தாள் ஒட்டிரலாங்க. நானே வெட்டி ஒட்டீர்றேன்ங்க. அஞ்சு நிமிசம்ங்க."

"ஒட்டுப்போட்ட ஃபிளெக்ஸையா குழுவுக்குக் காட்டறது? அவங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்தாச்சு. நீ பயிற்சிக்கு வந்திருக்கே. முடிவெடுக்க வரலை."

"சரிங்க மேடம்" என்றாள்.

பின்னாளில் இதைப் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அவள் சொன்னது தெளிவாக இருந்தது. எது தவறு, யாருக்குப் பாதிப்பு, என்ன செய்யலாம், எவ்வளவு நேரம் ஆகும் என்று எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். என் காதில் விழுந்தது 'ங்க' மட்டும்தான். இவ்வளவு பணிவாகப் பேசுகிறவளுக்குத் தான் சொல்வதில் அவ்வளவு உறுதி இருக்காது என்று எடுத்துக்கொண்டேன். அது அவர்கள் ஊர்ப் பேச்சு. அந்தப் பேச்சில் சண்டைக்குக்கூட 'ங்க' போட்டுத்தான் போவார்கள். இத்தனை வருடம் அந்த மக்களோடு வேலை பார்த்த எனக்கு அது தெரியாமல் இல்லை. அன்று அப்படிக் கேட்டுக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

திங்கட்கிழமை எல்லாம் நன்றாக நடந்தது. குழுத் தலைவி அந்த ஃபிளெக்ஸ் முன்னால் நின்றார். அவருக்குத் தமிழ் தெரியாது. கோழி கத்திய வரியை நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் வியந்துபோனார். "இதில் மாணவர்களுடைய பங்கு என்ன?" என்று கேட்டார். குழுவின் மதிப்பீட்டில் மாணவர்களின் செய்முறைக் கற்றலுக்குத் தனி மதிப்பெண் உண்டு என்பது எனக்குத் தெரியும். சுகன்யாவைக் கையைப் பிடித்து முன்னால் இழுத்து, "இந்தக் கடிதங்களைத் தேர்ந்தெடுத்தது, வடிவமைத்தது எல்லாமே இந்தப் பயிற்சி மாணவிதான்" என்றேன். பதிவாளர் பக்கத்தில் நின்று சிரித்தார். குழுத் தலைவி அவளுக்குக் கைகுலுக்கினார். சுகன்யா என்னைப் பார்த்தாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

செவ்வாயும் புதனும் கண்காட்சி பொதுமக்களுக்குத் திறந்திருந்தது. புதன்கிழமை முற்பகல் நல்லசிவம் ஒரு வேன் வைத்துக் குடும்பத்தையே அழைத்துவந்தார். எல்லோரும் கல்யாணத்துக்குப் போவதுபோல உடுத்தியிருந்தார்கள். அவருடைய அம்மா மட்டும் முட்டிவலியால் வரவில்லை. சரஸ்வதி தன் மகளோடு வந்திருந்தார். பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் பெண். பழைய கையெழுத்தை எழுத்துக்கூட்டிப் படிப்பது அவளுக்கு விளையாட்டாக இருந்தது. ஒவ்வொரு ஃபிளெக்ஸாகச் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தாள். குடும்பம் முழுக்கச் சிரித்துக்கொண்டு பின்னால் வந்தது. நான் வாசலில் வருகைப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தேன்.

கொடிக்கால் கடிதத்தைப் படித்து முடித்துவிட்டு, அந்தப் பெண் கழுத்தைச் சாய்த்து மடிப்பையும் படித்தாள்.

"மூணாவதும் பொண்ணாப் போச்சு. அக்காள் கேட்டாங்க, குடுத்துட்டேன். நீங்க வந்து சத்தம் போடாதீங்க. பால் கட்டிக்கிட்டு மாரு வலிக்குது. யாருகிட்டயும் வாய் தொறக்கக் கூடாதுன்னு அக்காள் சத்தியம் வாங்கிட்டாங்க. சரசுன்னு பேரு வெச்சிருக்காங்களாம்."

படித்துவிட்டு, "அம்மா, உம் பேரு!" என்று சிரித்தாள்.

யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பெண்ணின் சிரிப்பு மட்டும் கொஞ்ச நேரம் முகத்தில் அப்படியே நின்றது. சரஸ்வதி ஃபிளெக்ஸுக்குக் கிட்டே போனார். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

"இது யாரு எழுத்து?"

"அம்மா எழுத்துக்கா" என்றார் நல்லசிவம்.

"எந்த அம்மா?"

நல்லசிவம் குனிந்து மடிப்பைப் படித்தார். அவருக்கும் அது அப்போதுதான் தெரிந்தது. சரஸ்வதி தோளில் கிடந்த பையைச் சரிசெய்துகொண்டு என்னைக் கடந்து வெளியே போனார். வேனில் ஏறிக் கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார். நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய பெண். தன்னை வளர்த்து, கல்யாணம் செய்துகொடுத்து, இறந்தும்போன ஒருவரைத்தான் அம்மா என்று அறிந்திருந்தவர். சின்னம்மா என்று அழைத்தவர்தான் பெற்றவர் என்பதை, என் கண்காட்சியில், தன் மகளின் வாயால் கேட்டார்.

அந்த நேரத்தில் எனக்குள் வந்த முதல் நினைப்பு எது என்று எழுதியாக வேண்டும். இது புகாராகப் போகுமா என்பதுதான். சரஸ்வதியைப் பற்றிய நினைப்பு அதற்குப் பிறகுதான் வந்தது.

மறுநாள் காலை பதிவாளர் அறையில் நல்லசிவம் உட்கார்ந்திருந்தார். கோபமாகப் பேசுவார் என்று பயந்தேன். அவர் கோபப்படவில்லை. "நேத்து வர்ற வழியெல்லாம் எங்கக்கா ஒரு வார்த்தை பேசலீங்க. ஊட்டுக்குள்ள வரவே இல்லை, வேனை விட்டு எறங்கி அப்படியே பஸ் ஏறிட்டாங்க. எங்கம்மா என்னாச்சு, என்னாச்சுங்கறாங்க. நான் என்னன்னு சொல்லட்டும்ங்க? பெட்டியைக் குடுத்தது என் தப்புத்தாங்க. ஆனா நீங்க படிச்சவங்க, பாத்திருக்கோணும்ல?"

பதிவாளர் சுகன்யாவையும் கூப்பிட்டிருந்தார். அவளிடம் கேட்டார். "இந்தக் கடிதத்தை நீதான் தேர்ந்தெடுத்தியாம்மா?"

"மேடத்தைக் கேளுங்க சார்" என்றாள்.

அவர் என் பக்கம் திரும்பினார். "திங்கட்கிழமை குழுகிட்ட அப்படித்தானே சொன்னீங்க? எல்லாத்தையும் இந்தப் பொண்ணுதான் தேர்ந்தெடுத்துச்சுன்னு?"

"ஆமாம் சார்" என்றேன்.

பெரிய பொய்யை யோசித்துச் சொல்லவேண்டிய தேவையே எனக்கு வரவில்லை. மூன்று நாளுக்கு முன் பெருமைக்காகச் சொன்ன பொய் தயாராக இருந்தது. தலையை ஆட்டினால் போதும் என்றிருந்தது. அவள் மறுத்துப் பேசுவாள் என்று ஒரு கணம் காத்திருந்தேன். அவள் பேசவில்லை. நான் பேசுவேன் என்று அவள் காத்திருந்திருக்கிறாள்.

பயிற்சி முடியப் பத்து நாள் இருந்தது. அன்றே அவளை அனுப்பிவிட்டார்கள். சான்றிதழ் கிடையாது. காப்பகத்தில் மாணவர் பயிற்சியே இனி வேண்டாம் என்று உத்தரவு வந்தது. சுகன்யா மேசையைச் சுத்தம் செய்து, பென்சில்களைத் திருப்பிக் கொடுத்து, "வாரேங்க" என்று உதவியாளரிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் எழுதிய விவரத் தாள்களை அன்று மதியம் எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு தாள். கொடிக்கால் கடிதத்தின் தாளில் பென்சிலால் எழுதியிருந்தாள்: 'மடிப்பில் ஒரு குழந்தையைக் கொடுத்தது பற்றி இருக்கிறது. அந்தக் குழந்தையும் எழுதியவரும் உயிரோடு இருக்கிறார்கள். கேட்காமல் யாருக்கும் காட்டக் கூடாது.' அதற்குக் கீழே, சரிபார்த்ததற்கு அடையாளமாக, என் சுருக்கொப்பம் இருந்தது. கண்காட்சிக்கு இரண்டு வாரம் முன்பே அந்தத் தாள் என் மேசைக்கு வந்திருக்கிறது. மற்ற தாள்களோடு சேர்த்துப் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அந்தத் தாளை என் கைப்பையில் வைத்து வீட்டுக்கு எடுத்துப்போனேன். பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்தேன். ஒரு துண்டுத் தாள்கூடத் தொலையக் கூடாது என்று உங்களில் சிலரைத் திட்டியவள் நான். அந்தத் தாள் இரண்டு மாதம் அங்கேயே இருந்தது. புடவை எடுக்கும்போதெல்லாம் கை அதன்மேல் படும். சின்னப் பெண், மறந்துவிடுவாள், பிறகு ஒரு நல்ல பரிந்துரைக் கடிதம் எழுதிக் கொடுத்துவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குழுவின் அறிக்கை வந்தது. காப்பகத்தைப் பாராட்டி ஒரு பத்தி இருந்தது.

நல்லசிவம் பெட்டியைத் திருப்பிக் கேட்டார். நேரில் போய் ஒப்படைத்து வாருங்கள் என்று பதிவாளர் என்னை அனுப்பினார். நான் போனபோது நல்லசிவம் வாழைத்தார் ஏலத்துக்குப் போயிருந்தார். அவருடைய அம்மா அருக்காணி கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். அந்த முத்தான கையெழுத்துக்குச் சொந்தக்காரர். பெட்டியை அவர் பக்கத்தில் வைத்தேன். மூடியைத் தடவினார், திறக்கவில்லை.

"இதையெல்லாம் அவரு வெச்சிருப்பாருன்னு நான் நெனைக்கவே இல்லீங்க. படிச்சுப்போட்டுக் கிழிச்சுப் போட்டிருப்பாருன்னு இருந்தேன்" என்றார். பிறகு, "அந்தப் பொண்ணு வந்துட்டுப் போச்சுங்களே" என்றார்.

"எந்தப் பொண்ணும்மா?"

"உங்க ஆபீசுல இருந்துதான். எருமப்பட்டிப் பொண்ணு. அந்த வாரமே வந்துச்சு. எங்களால தப்பு நடந்துபோச்சுங்க அம்மான்னு அழுதுச்சு. சரசு ஊட்டுக்கும் போயிருக்குது. மொதத் தடவை அவ கதவே தொறக்கலையாம். மறுக்காப் போயிருக்குது. அதுக்கப்புறந்தான் போன வாரம் சரசு இங்க வந்தா. உள்ள வரலை சாமி. வாசல்லயே நின்னு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. 'எனக்கு அடுத்துத் தம்பி பொறந்தானே, அவனை ஏன் யாருக்கும் குடுக்கலை?'ன்னா. நான் என்ன சொல்லட்டும்? போயிட்டா."

அவர் அழவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை.

"அந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்லைம்மா. அந்தக் கடிதத்தை வெக்க வேணாம்னு சொன்னதே அவதான். கேட்காம வெச்சது நான். அப்புறம் பழியையும் அவ மேல போட்டது நான்தான்" என்றேன்.

அருக்காணி அம்மாள் பெட்டி மேலிருந்த கையை எடுத்தார். பிறகு கேட்டார். "அப்பறம் ஏனுங்க அவளை வரவுட்டுப்போட்டு நீங்க வராம இருந்தீங்க?"



மறுநாள் அந்தத் தாளை எடுத்துப்போய்ப் பதிவாளர் மேசையில் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர் பென்சில் எழுத்தைப் படித்தார், என் சுருக்கொப்பத்தைப் பார்த்தார். "இவ்வளவு நாள் இது எங்கே இருந்துச்சு?" என்றார். "என் வீட்டுல சார்." அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். என்னைக் காப்பகப் பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். கடைசி ஒன்றரை ஆண்டு நான் பருவ இதழ்ப் பிரிவில் ஏன் இருந்தேன் என்று உங்களில் சிலர் கேட்டிருக்கிறீர்கள். முதுகுவலி என்று சொன்னேன். அதுவும் பொய். மாணவர் பயிற்சி அடுத்த ஆண்டு வேறொருவர் பொறுப்பில் மறுபடி தொடங்கியது. இப்போது நீங்கள் நிரப்பும் விவரத் தாளில், 'குறிப்பிடப்படுவோரில் உயிரோடிருப்பவர்கள்' என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அது சுகன்யா பென்சிலால் எழுதியதிலிருந்து வந்தது. அதை வெறுமனே கோடு கிழித்துவிட்டுப் போகாதீர்கள்.

சுகன்யாவுக்குச் சான்றிதழ் கொடுக்க உத்தரவானது. தபாலில் அனுப்பிவிடலாம் என்றார்கள். நானே கொண்டுபோகிறேன் என்றேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எருமப்பட்டிக்குப் போனேன். ஓட்டு வீடு. அப்பா, அம்மா, அவள் மூவரும் இருந்தார்கள். பல்கலைக்கழகத்து மேடம் வந்திருக்கிறார் என்றதும் அப்பா துண்டால் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அம்மா டீ வைக்க ஓடினார்.

சுகன்யா சான்றிதழை வாங்கி நின்றபடியே படித்தாள். "சிறப்பாகப் பணியாற்றினார்னு போட்டிருக்குதுங்க" என்றாள்.

"உண்மைதானே சுகன்யா."

"எல்லாருக்கும் இதேதாங்க போடுவீங்க." தாளை மேசைமேல் வைத்தாள். "இதை வெச்சு மேல படிக்கச் சேரலாம்னு இருந்தேன்ங்க. நாள் முடிஞ்சுபோச்சு, இந்த வருசம் சேர முடியலை. அது போகட்டும்ங்க. எங்கப்பாவும் அம்மாவும் இன்னும் நான் தப்புப் பண்ணிட்டு வந்ததாத்தான் நெனைச்சுட்டு இருக்கறாங்க. நான் சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க. மேடமே சொல்லியிருக்காங்க, அவ்வளவு படிச்சவங்க பொய் சொல்லுவாங்களாங்கறாங்க. என்ன நடந்துச்சுன்னு நீங்களே சொல்லிருங்க மேடம்."

டீ டம்ளரோடு அவளுடைய அம்மா வந்து கதவோரம் நின்றார். நான் சொன்னேன். சனிக்கிழமை அவள் சொன்னதை, வெள்ளைத்தாள் ஒட்டிவிடலாம் என்றதை, நான் மறுத்ததை, திங்கட்கிழமை குழுவிடம் பீற்றிக்கொண்டதை, வியாழக்கிழமை 'ஆமாம் சார்' என்றதை, தாளைப் புடவைக்கு அடியில் வைத்ததை எல்லாம். எதையும் குறைக்கவில்லை. முன்பே பலமுறை மனதுக்குள் சொல்லிப் பார்த்ததுதான், அன்று அந்த இரண்டு பேர் முகத்துக்கு நேரே சொன்னேன்.

சொல்லி முடித்ததும் அவர்கள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இரண்டு மாதத்தில் மகளிடம் பேசிய பேச்சையெல்லாம் அவர் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். பிறகு நிமிர்ந்தார். கண் கலங்கியிருந்தது.

"எவ்வளவு பெரிய மனசுங்க மேடம் உங்களுக்கு" என்றார். "உங்க நெலமையில இருக்கறவங்க யாரு இவ்வளவு தூரம் வந்து இதைச் சொல்லுவாங்க?" மகளைப் பார்த்துக் கைகாட்டினார். "மேடத்துக்கு நன்றி சொல்லு கண்ணு."

சுகன்யா அப்பாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"எதுக்குங்கப்பா?" என்றாள்.

அவர் திகைத்துப்போனார். அதட்டுவதற்கு வாயைத் திறந்தார். "அவ சொல்ல வேண்டியதில்லைங்க" என்று நான் குறுக்கே சொல்லிவிட்டு எழுந்தேன். டீ அப்படியே இருந்தது. வாசலில் குனிந்து செருப்பின் வாரைப் போடுவதற்கு எனக்கு வெகுநேரம் ஆனது.